பூச்சாடியின் அடியில் ஒளிந்திருக்கும் கதை

குழந்தைகளே! ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மயிலோ, ரோஜாவோ, கப்பலோ படமாக இருக்கும். பக்கவாட்டில் பொடி எழுத்தில், எந்த ஆலையில் செய்தது, எந்த ஊர் என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டாசுப் பெட்டியிலும் அப்படித்தான். படம் கண்ணைப் பறிக்கும். பொடி எழுத்துதான் அது பிறந்த இடத்தைச் சொல்லும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்த சங்கதி.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு பிரான்ஸ் நாட்டில் செய்த பீங்கான் பூச்சாடிகளும் இதே மாதிரிதான். மேலே பூக்கள், பறவைகள், தங்கக் கொடிகள். பார்ப்பவர்கள் அதிலேயே மயங்கி விடுவார்கள். ஆனால் பழம்பொருள்களை நன்கு அறிந்தவர்கள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஜாடியை மெல்லத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். அங்கேதான் கதை இருக்கிறது. வாருங்கள், நாமும் திருப்பிப் பார்ப்போம்.

வெடியுப்பு கலந்த பீங்கான்

பீங்கான் செய்யும் வித்தையை முதலில் கற்றவர்கள் சீனர்கள். தட்டினால் மணி போல் ஒலிக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய வெள்ளைப் பீங்கானை அவர்கள் செய்தார்கள். கப்பல் கப்பலாக அது ஐரோப்பாவுக்குப் போனது. அங்குள்ள மன்னர்கள் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள். "இதை நாமே செய்ய முடியாதா?" என்று ஏங்கினார்கள். ஆனால் அந்த ரகசியம் பல நூறு ஆண்டுகள் ஐரோப்பாவுக்கு எட்டவில்லை.

ரகசியம் ஒரு மண்ணில் இருந்தது. கேயோலின் என்ற வெண்களிமண் அது. சீனாவில் காவ்லிங் என்ற குன்றின் பெயரிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. இந்த மண்ணும், அதோடு சேர்க்கும் ஒரு வகைப் பாறைத் தூளும் ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக வேண்டும். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டஜன் நகரில் தங்கியிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், தொழில் நடக்கும் விதத்தைக் கவனித்து 1712-லும் 1722-லும் தன் நாட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். செய்முறை ஓரளவு தெரிந்து விட்டது. ஆனால் பிரான்சில் அந்த மண் கிடைக்க வேண்டுமே!

கிடைக்கவில்லை. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1740-ல் பாரீசுக்கு அருகே வன்சேன் கோட்டையில் ஒரு பீங்கான் பட்டறை தொடங்கியது. மணல், உப்பு, படிகாரம், சோடா இவற்றோடு இன்னொரு பொருளையும் சேர்த்து உருக்கினார்கள். அந்தப் பொருள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. ஆம், வெடியுப்பு! நம் பக்கத்தில் பட்டாசுக்கு மருந்து கலக்க எது உதவுகிறதோ, அதுவே அங்கே பீங்கானுக்கு உதவியது. உருக்கி எடுத்ததைப் பொடி செய்து, சுண்ணாம்பு மண்ணோடு பிசைந்து, ஜாடியாக வடித்தார்கள்.

இதற்கு 'மென் பீங்கான்' என்று பெயர். பார்க்க வெண்ணெய் போல் இருக்கும். ஆனால் செய்வது பெரும்பாடு. சூளையில் சூடு கொஞ்சம் கூடினாலும் ஜாடி தொய்ந்து சாய்ந்து விடும். பல நாள் உழைப்பு ஒரே இரவில் வீணாகும்.

1756-ல் இந்தப் பட்டறை செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அதைத் தன் சொந்த ஆலையாக்கிக் கொண்டார். அன்றிலிருந்து 'செவ்ர் பீங்கான்' என்றால் அரசர்களின் பீங்கான் என்று ஆயிற்று. இன்றும் அந்த ஆலை பிரெஞ்சு அரசின் ஆலையாக நடந்து வருகிறது.

வெண்களிமண்ணும் கடைசியில் கிடைத்தது. 1768-ஐ ஒட்டி, லிமோஜ் நகருக்கு அருகே உள்ள சேந்த் இரியே என்ற ஊரில் அது இருப்பது தெரிய வந்தது. அந்த ஊர் மருத்துவர் ஒருவரின் மனைவி, துணி வெளுக்க உதவுமா என்று ஒரு வெள்ளை மண்ணை எடுத்து வந்ததாகவும், அதுவே கேயோலின் என்று பிறகு தெரிந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். ராஜாக்கள் தேடிய புதையல் துணி துவைக்கும் இடத்தில் கிடந்திருக்கிறது, பாருங்கள்!

நிறம் வந்தது எப்படி?

வானத்தில் வெடிக்கும் வாணம் பல நிறத்தில் பூப்பது உலோகங்களால்தான். ஸ்ட்ரான்சியம் சிவப்பைத் தரும். சோடியம் மஞ்சளைத் தரும். செம்பு நீலத்தைத் தரும். கம்பி மத்தாப்பில் பொறி பறப்பது இரும்புத் தூளால்.

பீங்கானுக்கு நிறம் தருவதும் உலோகங்களே. ஆனால் சூளையில் அவை வேறு வேஷம் போடும். வாணத்தில் நீலமாக ஒளிரும் செம்பு, பீங்கானில் பச்சையாகவோ மயில் கழுத்து நிறமாகவோ மாறும். கோபால்ட் என்ற உலோகம் ஆழ்ந்த நீலம் தரும். இரும்பு செம்பழுப்பு நிறம் தரும். ரோஜா நிறம் எதிலிருந்து வந்தது தெரியுமா? தங்கத்திலிருந்து! தங்கத்தை அமிலத்தில் கரைத்து, வெள்ளீயத்தோடு சேர்த்தால் ஊதா கலந்த சிவப்புப் பொடி கிடைக்கும். அதிலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற ரோஜா நிறத்தைச் செய்தார்கள்.

செவ்ர் ஆலையில் ழான் எல்லோ என்ற வேதியியல் அறிஞர் இருந்தார். நிறம் செய்யும் முறைகளைக் குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வைத்தார். 1753-ல் அவர் செம்பைக் கொண்டு செய்த நீலத்துக்கு 'விண்ணுலக நீலம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். மன்னரின் விருந்து மேசைக்கான பாத்திரங்கள் அந்த நிறத்தில் செய்யப்பட்டன.

வாணத்தின் நிறம் சில நொடிகளில் மறைந்து விடும். சூளையில் வெந்த நிறமோ இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் நேற்றுத் தீட்டியது போல் இருக்கிறது.

ஒரு ஜாடிக்கு எத்தனை முறை சூளை?

ஜாடியை வடித்ததும் முதல் சூளை. பளபளப்புப் பூச்சு பூசி இரண்டாவது சூளை. பிறகு ஜாடியைச் சுற்றி நிறம் பூசுவார்கள். நடுவில் ஜன்னல் போல ஒரு பகுதியை மட்டும் வெள்ளையாக விட்டு விடுவார்கள். நிறம் பிடிக்க இன்னொரு சூளை. அந்த வெள்ளை ஜன்னலில்தான் ஓவியர் பூங்கொத்து, பறவை, விளையாடும் சிறுவர்கள் என்று மெல்லிய தூரிகையால் தீட்டுவார். அதற்கு மறுபடியும் சூளை. கடைசியாகத் தங்கத் தூளால் கொடியும் விளிம்பும் வரைவார்கள். அதற்கும் ஒரு சூளை உண்டு. சூளையிலிருந்து வந்த தங்கம் மங்கலாக இருக்கும். வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

ஒவ்வொரு தடவையும் சூளைக்குள் போகும்போது, திரும்பி முழுசாக வருமா என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பெரிய ஜாடிகள் மிகவும் அபூர்வம். செவ்ர் ஆலை செய்த 'கப்பல் ஜாடி' அதற்கு நல்ல உதாரணம். பாய்மரக் கப்பல் வடிவில், கொடி பறப்பது போன்ற மூடியுடன், ஓட்டைகளோடு இருக்கும். உள்ளே காய்ந்த பூவிதழ்களையும் வாசனைப் பொருள்களையும் போட்டால் ஓட்டை வழியே அறையெல்லாம் மணக்கும். உலகத்தில் இன்று 10 கப்பல் ஜாடிகள்தான் இருப்பதாகத் தெரிகிறது. அவற்றில் ஒன்று, மன்னரின் நெருங்கிய தோழியும் இந்த ஆலைக்குப் பெரிய ஆதரவாளருமான மதாம் பொம்பதூரிடம் இருந்தது. இப்போது பாரீசில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடியைத் திருப்பினால்...

சரி, இப்போது ஜாடியைத் திருப்புவோம். அடியில் பெரும்பாலும் நீல மையில், ஒன்றோடு ஒன்று பின்னிய இரண்டு 'எல்' எழுத்துகள் தெரியும். ஒன்று நேராக, மற்றொன்று கண்ணாடியில் தெரிவது போல் திரும்பியிருக்கும். 'எல்' என்பது லூயி மன்னரின் பெயரின் முதல் எழுத்து.

அந்த இரண்டு எழுத்துகளின் நடுவில் இன்னொரு எழுத்து இருக்கும். அது ஆண்டைச் சொல்லும் எழுத்து. 'ஏ' என்றால் 1753. 'பி' என்றால் 1754. 'சி' என்றால் 1755. இப்படி வரிசையாக வரும். ('டபிள்யூ' எழுத்தை மட்டும் சேர்க்கவில்லை.) ஓர் ஆண்டு முன்பின் இருக்கலாம் என்றாலும், ஜாடியின் வயதைச் சொல்ல இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? 'இசட்' வரை முடிந்ததும் 'ஏஏ', 'பிபி' என்று இரட்டை எழுத்துகளில் தொடர்ந்தார்கள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு குறி இருக்கும். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓவியம் தீட்டியவரும் தங்க வேலை செய்தவரும் போட்ட சொந்தக் குறி அது. ஒருவர் ஓர் எழுத்தைப் போடுவார். இன்னொருவர் சில புள்ளிகளை வைப்பார். தங்க வேலை செய்த வேன்சான் என்பவர் '2000' என்று எண்ணை எழுதினார். ஏன் தெரியுமா? பிரெஞ்சு மொழியில் 'வேன்' என்றால் 20. 'சான்' என்றால் 100. இருபது நூறுகள் சேர்ந்தால் இரண்டாயிரம். தன் பெயரையே கணக்காக மாற்றி விட்டார் அந்தக் குறும்புக்காரர்!

நம் ஊர்ப் பட்டாசுப் பெட்டியில் ஆலையின் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் சரவெடியைப் பின்னிய அக்காவின் பெயர் இருக்காது. செவ்ர் ஜாடியிலும் மண் பிசைந்தவர், விறகு அடுக்கியவர் பெயரெல்லாம் இல்லை. ஆனால் தூரிகை பிடித்தவர் யார், தங்கம் பூசியவர் யார் என்று இன்றும் சொல்ல முடிகிறது. அடியில் இருக்கும் அந்தச் சின்னக் குறியால்தான் அவர்கள் மறக்கப்படாமல் இருக்கிறார்கள்.

திப்பு சுல்தானின் தூதர்கள்

இந்தப் பீங்கானுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், ஆங்கிலேயர்களை எதிர்க்க பிரான்சின் உதவியை நாடினார். 1787-ல் மூன்று தூதர்களை அனுப்பினார். அவர்கள் கப்பல் ஏறியது எங்கே? நம் புதுச்சேரியில்! ஏறத்தாழ ஓராண்டு கடற்பயணம் செய்து, 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தார்கள்.

தலைப்பாகையும் நீண்ட மெல்லிய அங்கியும் அணிந்த அவர்களைப் பார்க்கப் பாரீஸ் மக்கள் திரண்டார்கள். செவ்ர் பீங்கான் ஆலைக்கும் அவர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அந்த ஆலையின் ஓவியர்களில் ஒருவரான அஸ்லேன், பூங்காவில் கூட்டத்தின் நடுவே தூதர்கள் உலவுவதைப் படமாக வரைந்தார். அந்தப் படம் செவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

மன்னர் செவ்ர் பீங்கான்களைப் பரிசாகக் கொடுத்தார். ஆனால் திப்பு அதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டிருந்தார். துப்பாக்கி, கடிகாரம், கண்ணாடி, பீங்கான் இவற்றைச் செய்யத் தெரிந்த கைவினைஞர்களைத் தன் நாட்டுக்கு அனுப்பும்படி கேட்டார். அழகான ஜாடியை வாங்கி வைத்தால் அலமாரிதான் நிறையும். செய்யத் தெரிந்தவர் வந்தால் ஒரு தொழிலே வளரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நடந்தது என்ன? தூதர்கள் 1789-ல் ஊர் திரும்பினார்கள். அவர்கள் எதிர்பார்த்த படை உதவி கிடைக்கவில்லை. அதே ஆண்டில் பிரான்சில் புரட்சி வெடித்தது. 1793-ல் லூயி மன்னரின் உயிரே போயிற்று. பீங்கானின் அடியில் இரண்டு 'எல்' போடுவதும் அந்த ஆண்டோடு நின்றது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போரில் இறந்தார். அரண்மனைப் பொருள்கள் சூறையாடப்பட்டு நாலாபக்கமும் சிதறின. மைசூரில் செவ்ர் போல ஒரு பீங்கான் ஆலை உருவாகவே இல்லை.

செவ்ர் பீங்கானை நேரில் பார்க்க ஆசையா? ஹைதராபாத் போனால் சாலர் ஜங் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

போலியைப் பிடிப்பது எப்படி?

இப்போது ஒரு வியாபாரி வந்து, "இது திப்பு சுல்தானுக்கு பிரான்ஸ் மன்னர் கொடுத்த ஜாடி" என்று சொல்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அடியில் இரண்டு 'எல்' இருக்கிறது. நம்பி விடலாமா?

கூடாது! ஏனென்றால் அந்தக் குறியை யார் வேண்டுமானாலும் வரையலாம். 1800-ஐ ஒட்டி, செவ்ர் ஆலை தன்னிடம் தேங்கிக் கிடந்த வெள்ளைப் பீங்கான்களை ஓவியம் தீட்டாமலேயே மொத்தமாக விற்றது. வாங்கியவர்கள் தாங்களே பூக்களை வரைந்து, பழைய செவ்ர் ஜாடி என்று விற்றார்கள். ஜாடி உண்மை, ஓவியம் போலி! பிற்பாடு பாரீசில் பழைய மாதிரிகளைப் பார்த்து அச்சு அசலாகச் செய்யும் பட்டறைகளும் கிளம்பின.

நிபுணர்கள் துப்பறிவாளர்களைப் போல் யோசிப்பார்கள். ஒரு துப்பு சொல்கிறேன், கேளுங்கள். குரோமியம் என்ற உலோகம் 1797-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து செய்த பச்சை நிறம் அதற்குப் பிறகுதான் பீங்கானுக்கு வந்தது. ஒரு ஜாடியின் அடியில் 1760-ஆம் ஆண்டின் எழுத்து இருக்கிறது. மேலே இருக்கும் இலையிலோ குரோமியப் பச்சை இருக்கிறது. இப்போது என்ன சொல்வீர்கள்? இலை பொய்யைக் காட்டிக் கொடுத்து விட்டது!

இன்னொரு துப்பு, ஆலையின் கணக்குப் புத்தகம். யார் எந்த வேலை செய்தார், எந்தப் பொருள் யாருக்கு விற்றது என்று செவ்ர் ஆலை எழுதி வைத்த பழைய ஏடுகள் இன்றும் பாதுகாப்பாக உள்ளன. ஜாடியின் குறியையும் ஏட்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு அது யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த ஏலத்தில் விற்றது என்று படிப்படியாகத் தேடுவார்கள். இதைத்தான் ஒரு பொருள் 'வந்த வழி' என்கிறோம். வந்த வழி தெரிந்த ஜாடிக்குத்தான் மதிப்பு. வழி தெரியாவிட்டால் அது அழகான ஜாடி, அவ்வளவுதான்.

வைப்பாற்றங்கரையில் ஒரு மணி

"எங்கள் வீட்டில் பிரெஞ்சு ஜாடி ஏது? இது எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் தாயில்பட்டிக்கு அருகே, வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் இருக்கிறது. 2022-ல் அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள் எல்லாம் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அந்தப் பானை ஓட்டிலும் மணியிலும் ஆண்டு எழுத்து கிடையாது. பின்னே எப்படி வயதைச் சொல்கிறார்கள்?

எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று அளந்து எழுதுகிறார்கள். அந்தக் குறிப்புதான் மணியின் 'இரண்டு எல்'. ஒருவர் ஆசைப்பட்டு அந்த மணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டால், மணி அவர் கையில் இருக்கும். அதன் கதை அந்த நிமிடமே தொலைந்து போகும். பிறகு எந்த நிபுணராலும் அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

ஆகவே ஆற்றங்கரையிலோ வயலிலோ பழைய ஓடு, மணி, காசு எதையாவது பார்த்தால் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். இருக்கும் இடத்தை அடையாளம் வைத்துக் கொண்டு, ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள்.

வீட்டில் உள்ள பழைய பொருளுக்கும் ஒரு வேலை செய்யலாம். ஆச்சியின் ஊறுகாய் ஜாடி இருக்கிறதா? யார் வாங்கியது, எந்த ஊர்ச் சந்தையில், எந்த ஆண்டில் என்று ஆச்சியிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி, ஜாடிக்குள் மடித்துப் போட்டு வையுங்கள். ஆச்சிக்கு நினைவு இருக்கும்போதே கேட்டு விட வேண்டும்.

நீங்களும் துப்பறியுங்கள்!

1. ஒரு செவ்ர் ஜாடியின் அடியில், பின்னிய எழுத்துகளின் நடுவே 'ஹெச்' என்று இருக்கிறது. எந்த ஆண்டு செய்தது?

2. நடுவில் 'டி' என்று எழுதிய ஜாடியைக் காட்டி, "இது 1750-ல் செய்தது" என்கிறார் கடைக்காரர். சரியா?

3. இரண்டு 'எல்', நடுவில் 'எஃப்', கீழே ஆங்கிலத்தில் 'மேட் இன் பிரான்ஸ்'. இது லூயி மன்னர் காலத்து ஜாடியா?

விடைகள்: 1. 1760. 2. தவறு. 'டி' என்றால் 1756; 1750-ல் ஆண்டு எழுத்து போடும் வழக்கமே தொடங்கவில்லை. 3. இல்லை. வெளிநாட்டுச் சரக்குகளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வந்த 1891-க்குப் பிறகுதான் இப்படி நாட்டின் பெயரைப் போடுவது பரவியது. எனவே அது பிற்காலத்தில் பழையதைப் பார்த்துச் செய்த ஜாடி.